டோலக்கில் போன வாய்க்கரிசி

என் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட நான் சயாமுக்குப் போன கதையைச் சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய இடங்கள் அதில் நிறையவே இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றுவரை சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில் ரந்தாவுக்கும் கோலா சாவாவுக்கும் நடுவில் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் கங்காணி லயம் லயமாக, கூலி வீடுகளின் வரிசை வரிசையாக வந்து, சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலைதான், அரிசி உண்டு, துணி உண்டு என்று ஆள் சேர்த்தார். சேர்த்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வர மறுக்கிறவனை ஜப்பான்காரனிடம் காட்டிக் கொடுத்துவிடுவேன் என்றும் அதே வாயால் சொன்னார். அப்பா போனார். எனக்கு அப்போது பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது. சிரம்பானில் கூட்ஸ் வண்டியில் ஆடுமாடு மாதிரி ஏற்றினார்கள் என்று அம்மா சொல்வாள். அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அவர் தோளில் உட்கார்ந்தால் தலை லயத்துக் கூரையில் இடிக்கும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் லயத்திலிருந்து போனவர்களில் ஒரே ஒருவர் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக வந்து அம்மா முன்னால் உட்கார்ந்து சொன்னார்: "பெரிய பாலத்துக்கு இந்தப் பக்கம், ஆத்தோரக் கொட்டாயில படுத்திருந்தாரு. வாந்திபேதி. என்னைய மேல காட்டுக்குள்ள கொண்டு போயிட்டானுங்க. திரும்பி வரப்போ கொட்டாயே இல்ல, கொளுத்திட்டானுங்க." அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த தகவல். கொளுத்தும்போது அப்பா உள்ளே இருந்தாரா, அதற்கு முன்பே புதைத்துவிட்டார்களா, அதுவும் அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அவரும் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

அம்மா தாலியைக் கழற்றவில்லை. கழற்றமாட்டேன் என்று அடம் பிடித்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு வழி தெரியவில்லை. எங்கள் சனத்தில் செத்தவரை வெறும் வாயோடு அனுப்புவது கிடையாது. ஆளுக்கொரு பிடி அரிசியை அள்ளி வாயில் போட்டு, போகிற வழிக்குப் பசிக்காமல் போய் வா என்று அனுப்ப வேண்டும். பெண்டாட்டி கை அரிசி கட்டாயம் போக வேண்டும். அது போன பிறகுதான் கருமாதி, அதன் பிறகுதான் தாலி இறங்கும். "பொணத்தக் கண்ணால பாக்கல. ஒரு பிடி அரிசி போடல. நான் எத வச்சுடா அறுக்கறது?" என்பாள்.

லயத்தில் மற்றவர்களுக்கும் அவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. வளைகாப்புக்குக் கூப்பிட்டால், புருஷன் செத்தவள் எப்படி மஞ்சள் தொடலாம் என்று ஒருத்தி முணுமுணுப்பாள். கூப்பிடாவிட்டால், கழுத்தில் தாலி இருக்கிறவளை எப்படி விடலாம் என்று இன்னொருத்தி. அம்மா கொஞ்சம் கொஞ்சமாக எங்குமே போவதை நிறுத்திக்கொண்டாள். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போவாள், வருவாள், சமைப்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்பதுதான், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என் ஒரே நினைப்பு.

மெர்டேக்கா, சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு காதில் விழத் தொடங்கிய சமயம். நான் தோட்டத்து ஸ்டோரில் சின்னக் கிராணியாக, கணக்கு எழுதுகிறவனாக இருந்தேன். எனக்கு மூன்று கூட்டாளிகள். ஒருவன் தோட்டத்து லாரி ஓட்டுபவன், டோலக் வாசிப்பான், எந்தக் கல்யாணத்திலும் அவன்தான் கச்சேரி. இன்னொருவன் புகைக்கூண்டில் ரப்பர் ஷீட் காயப்போடுகிறவன், எங்கள் பந்து டீமுக்குக் கோல்கீப்பர். மூன்றாமவன் ரந்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, எங்களுக்குக் கடைக்காரன். அவனுடைய சாச்சா, அதாவது சித்தப்பா, பாங்காக்கில் துணிக்கடை வைத்திருந்தார். "வாங்கடா மாப்ளே, சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்லா. தங்கறதுக்கு சாச்சா வீடு, திங்கறதுக்கு சாச்சி கை" என்று அவன்தான் ஆரம்பித்து வைத்தான்.

எனக்கு ஊர் சுற்றும் ஆசையெல்லாம் கிடையாது. ஆனால் பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரிக்கு ரயில் போகிறது, அந்தப் பாலம் இன்னும் நிற்கிறது, பக்கத்தில் செத்தவர்களுக்குப் பெரிய சமாதித் தோட்டமே கட்டியிருக்கிறார்கள் என்று சாச்சா சொன்னதாக அவன் சொன்னான். அந்தச் சொல்லில்தான் விழுந்தேன். சமாதி என்றால் அப்பாவும் இருப்பார் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

அம்மாவிடம் சொன்னபோது அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருந்தது. அவள் பங்குக்கு அளந்து கொடுத்த அரிசியிலிருந்து எடுத்த ஒரு பிடி. "நான் போட வேண்டியத நீ கொண்டு போய்ப் போட்டுட்டு வாய்யா. நீ வந்து போட்டுட்டேன்னு சொன்னவொடனே நான் இதக் கழட்டிர்றேன்" என்றாள்.

"சயாம் பூரா அரிசிதாம்மா. அங்கயே ஒரு பிடி வாங்கிப் போட்டா ஆவாதா?"

"அந்த ஊரு அரிசியத் தின்னுதானே செத்தாரு. என் கையரிசி போவட்டும்."

சொல்லிவிட்டாள். கொண்டு போவது எப்படி? அப்போது அவசரகாலம். காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். அளந்து கொடுக்கிற அரிசியை வேலிக்குள்ளேயே பொங்கித் தின்றுவிட வேண்டும். ஒரு பிடி அரிசி கேட்டைத் தாண்டினாலும் குற்றம். வேலைக்குப் போகிற பெண்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள், கொண்டையை அவிழ்த்து உதறச் சொல்வார்கள். அடுத்த லயத்துப் பெண் ஒருத்தி, கைப்பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச மடியில் கொஞ்சம் முடிந்துகொண்டு போய், அதற்காகச் சிறைக்கே போனாள்.

நான் நேர்வழியில் போகலாம் என்று பெரிய கிராணியிடம் விஷயத்தைச் சொன்னேன். செத்தவருக்குப் போடுகிற அரிசி, தொரையிடம் சொல்லி ஒரு அனுமதிச் சீட்டு வாங்கித் தாருங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "செத்தவனுக்கு அரிசியா? காட்டுல இருக்கறவனுக்கு இல்லன்னு எப்படி நிரூபிப்ப? அரிசிங்கற வார்த்தையவே கேட்டுப் பக்கம் சொல்லாத தம்பி, போ." பத்து வருடத்துக்கும் மேல் பட்டினியாகக் கிடக்கிற ஒரு மனிதருக்கு ஒரு பிடி அரிசி அனுப்ப இந்த நாட்டில் வழி இல்லை என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

லாரிக்காரன்தான் வழி சொன்னான். சொல்லாமலே இருந்திருக்கலாம். "டோலக்குக்குள்ள போட்டுருவோம். எவன் டோலக்க அவுத்துப் பாப்பான்?" கயிற்றைத் தளர்த்தி, ஒரு பக்கத்துத் தோலை லேசாகத் தூக்கி, மஞ்சள் துணியோடு போட்டால் தொப்பென்று அடிக்கும், சுதி கெடும் என்று துணியை அவிழ்த்து அரிசியை மட்டும் கொட்டி, மறுபடி இறுக்கிவிட்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டோலக்கின் இடது பக்கத் தோலின் உள்ளே தார் மாதிரி ஒரு மசாலை அப்பியிருப்பார்கள், அடிக்கும்போது கும்மென்று கேட்க. அதை வருடக்கணக்கில் பூசிப் பழகிய அவனுக்கே அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை. எனக்கு எங்கே வரப்போகிறது?

கேட்டில் ஸ்பெஷல் போலீஸ் இரண்டு பேர். எங்கள் பெட்டிகளைக் கொட்டிக் கிளறினார்கள். கோல்கீப்பர் ஊரெல்லாம் காட்டுவதற்கென்று தைத்து வைத்திருந்த பூப்போட்ட சட்டையைக்கூட உதறிப் பார்த்தார்கள். ஒருவன் டோலக்கைத் தூக்கினான். உள்ளே சலசலவென்றது. "மாயின்லா" என்றான், வாசித்துக் காட்டு என்று. லாரிக்காரன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தான். கும் என்று ஒரு அடி, கூடவே சலக் என்று அரிசி. சலங்கை கட்டிய மாதிரி ஒரு ஜோரான சத்தம். போலீஸ்காரன் தலையை ஆட்டினான், மற்றவனையும் கூப்பிட்டான், இன்னொரு பாட்டு வாசிக்கச் சொன்னான். என் அப்பாவின் வாய்க்கரிசி சினிமாப் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டியது. வேலிக்குள்ளே அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்தப் புதுச் சத்தம் லாரிக்காரனுக்குப் பிடித்துப் போய்விட்டது. சிரம்பானில் ரயில் ஏறியதிலிருந்து அடி, அடி என்று அடித்தான். வழியில் காட்டிலிருந்தவர்கள் எங்கே தண்டவாளத்தைப் பெயர்த்திருக்கிறார்களோ என்று வண்டி நத்தையாக ஊர்ந்தது, பெட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் பொழுதுபோக்கு தேவைப்பட்டது. சீனக் கிழவர்கள், மலாய்க் குடும்பங்கள், எல்லோரும் கைதட்டினார்கள். கோல்கீப்பர் நடுவில் நின்று ஆடினான். கடைக்காரன் தொப்பியைக் கழற்றி நீட்டிக் காசு கேட்பது போல் பாவனை காட்டினான். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அரிசிய எடுத்துக் குடுத்துட்டு அடிச்சுத் தொலைடா" என்றேன்.

"இப்ப அவுத்து, பொறவு மறுபடி இறுக்கினா தோல் கிழிஞ்சிரும்லா. அங்க போய் ஒரேயடியா அவுப்போம். உங்கப்பாவும் பாட்டுக் கேட்டுட்டுப் போவட்டுமே."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. அன்று அதே பாதையில்தானே அப்பாவைக் கதவடைத்த பெட்டியில் கொண்டு போனார்கள்? ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும், இங்கே தண்ணீராவது கொடுத்திருப்பார்களா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இவர்கள் இறங்கி நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, வாங்கித் தின்கிறார்கள். எல்லையைத் தாண்டிய பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். டோலக்கில் சலசலப்பு குறைந்திருந்தது. "சத்தம் கொறயுதுடா, அரிசி எங்கயோ ஒழுகுது" என்றேன். "ஒன் காதுக்குப் பழகிப்போச்சுடா" என்று சொல்லிவிட்டான்.

பாங்காக்கில் சாச்சா எங்களை வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டார். சாச்சி ஆக்கிப் போட்டது அமிர்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காஞ்சனபுரி என்று நான் வாயெடுக்கும்போதெல்லாம் ஒரு தடங்கல். இன்றைக்குப் படகில் போய்ச் சந்தை பார்ப்போம். இன்றைக்குத் தங்கப் புத்தர். இன்றைக்குக் குத்துச்சண்டை. கோல்கீப்பருக்கு வயிற்றுப் போக்கு, நாளைக்குப் போவோம்லா. ஒரு நாள் நான் மட்டும் தனியாகப் போகிறேன் என்று டோலக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியே விட்டேன். வாசிக்கத் தெரியாத நான் தோளில் டோலக்கோடு பாஷை தெரியாத தெருவில் நிற்பதைப் பார்த்து, சாச்சாவின் கடைப்பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் ஒரு வழியாகப் புறப்பட்டோம்.

காஞ்சனபுரியில் இறங்கியபோது நல்ல வெயில். சமாதித் தோட்டம் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரம்தான். அதைப் பார்த்ததும் மூன்று பேரும் வாயடைத்துப் போனார்கள். புல்லைத் தலை சீவியது போல் வெட்டியிருந்தார்கள். வரிசை வரிசையாகக் கல், ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, பட்டாளம், ஒவ்வொரு கல்லின் காலடியிலும் ஒரு பூச்செடி. சாகும்வரை பட்டினி கிடந்தவர்களுக்குச் செத்த பிறகு இவ்வளவு செய்ய முடியுமா என்று முதலில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு மூலையில் ஆரம்பித்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனேன். இங்கிலீஷ் பெயர். டச்சுக்காரன் பெயர். மறுபடி இங்கிலீஷ் பெயர். அடுத்த வரிசையில் இருக்கும், அதற்கடுத்ததில் இருக்கும் என்று போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

இதற்குள் கூட்டாளிகளுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. கடைக்காரன் சாச்சாவின் கேமராவை எடுத்தான். கோல்கீப்பர் ஒரு கல்லின் மேல் காலைத் தூக்கி வைத்து, இடுப்பில் கைவைத்து, கோப்பை ஜெயித்தவன் மாதிரி நின்றான். நான் கத்திய கத்தலில் காவல்காரர் ஓடி வந்தார். "காலை எடுடா நாயே, அது ஒருத்தன் தலைடா" என்றேன். அவன் திடுக்கிட்டு இறங்கி, அப்போதுதான் குனிந்து கல்லைப் படித்தான். "இருபத்தொண்ணு" என்றான் மெதுவாக. "டேய், என் வயசுடா." அதன் பிறகு அவன் அந்தத் தோட்டத்தில் இருந்தவரை படம் எடுக்க நிற்கவில்லை.

காவல்காரர் சயாம்காரர். கடைக்காரனுக்கு அந்தப் பாஷை அரைகுறையாகத் தெரியும். மலாயாவிலிருந்து வந்த தமிழர்கள் எந்தப் பக்கம் என்று கேட்கச் சொன்னேன். அவர் எங்கள் நான்கு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். கடைக்காரன் என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தான்: "இங்க சிப்பாய்ங்க மட்டுந்தானாம். கூலிங்க இல்லயாம்."

"அப்ப கூலிங்க எங்கயாம்?"

அந்த மனிதர் கையை நீட்டினார். ஆற்றைக் காட்டினார், ரோட்டைக் காட்டினார், வீடுகளைக் காட்டினார், தூரத்து மலையைக் காட்டினார், கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கீழே இறங்கியது. அவர் மேல் தப்பே இல்லை. கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வெள்ளைக்காரப் பையன்கள் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவர்களும் அதே வாந்திபேதியில்தான் செத்தார்கள். அவர்களுடைய அம்மாக்களும் அழுதிருப்பார்கள். ஆனால் அந்த அம்மாக்கள் கப்பல் ஏறி வந்தால் கைவைக்க ஒரு கல் இருக்கிறது. என் அம்மாவுக்கு ஒரு மனிதரின் கை போட்ட வட்டம்தான் இருக்கிறது.

பாலத்துக்குப் போனோம். பக்கத்தில் ஜப்பான்காரன் நட்ட நினைவுக்கல் ஒன்று இருந்தது. சாகடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, செத்தவர்களுக்கென்று அவனே கட்டினானாம். அதில் பல பாஷைகளில் எழுதியிருந்தது. கோல்கீப்பர்தான் முதலில் பார்த்தான். "டேய், தமிழு!" என்று கத்தினான். உண்மைதான். அன்று முழுவதும் தேடி அலைந்த எங்களுக்குத் தமிழ் எழுத்து கண்ணில் பட்ட இடம் அது ஒன்றுதான்.

"இங்க போட்டுருவோம்டா" என்றான் லாரிக்காரன். "நம்ம எழுத்து இருக்கு. இதவிட என்ன வேணும்?"

"கொன்னவன் நட்ட கல்லு முன்னால நான் போடமாட்டேன்."

"பின்ன எங்கதான்டா போடுவ? வெள்ளக்காரன்கிட்ட எடமில்ல. ஜப்பான்காரன்கிட்ட வேணாங்கற. வண்டிக்கு நேரமாச்சுலா!"

அவன் கேட்டது நியாயம்தான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. எங்கே போடுவது? பாலத்துக்கு இந்தப் பக்கம், ஆத்தோரம் என்று அந்த மனிதர் சொன்னாரே, அந்த ஆத்தோரத்தில் இப்போது ஒருவர் வாழை போட்டிருந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். வாழைக்கன்றுக்குக் கீழே இருக்கிறாரா, துவைக்கிற கல்லுக்குக் கீழே இருக்கிறாரா? கடைசியில் தண்டவாளத்தின் மேலேயே போய் நின்றேன். எது எங்கே போயிருந்தாலும் இது அவர் கை பட்ட இடம். அதில் சந்தேகம் இல்லை.

"இங்கதான். அவு" என்றேன்.

லாரிக்காரன் தண்டவாளத்தில் உட்கார்ந்து கயிற்றைத் தளர்த்தினான். கவிழ்த்து உலுக்கினான். கொஞ்சம் அரிசி விழுந்தது, அவ்வளவுதான். உள்ளே விரலை விட்டுப் பார்த்தவன் அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தான். ரயில் சூட்டில் மசாலை இளகி, அடிக்க அடிக்க அரிசி எல்லாம் அதில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. சலசலப்பு குறைந்ததன் காரணம் அதுதான். அம்மா தன் வயிற்றைக் கட்டி எடுத்து வைத்த அரிசி, எள்ளுருண்டை மாதிரி கறுப்பாகத் தோலில் அப்பிக் கிடந்தது.

நான் என்ன சொல்லித் திட்டினேன் என்று எழுத முடியாது. அவன் பையிலிருந்து பழம் வெட்டுகிற கத்தியை எடுத்தான். பத்துக் கல்யாணத்தில் வாசித்துச் சம்பாதித்த டோலக், அவன் யாரையும் தொட விடமாட்டான். அதன் தோலை நடுவில் குத்தி விளிம்புவரை கிழித்தான். கிழித்ததைப் பிரித்து என் முன்னால் நீட்டினான். "சொரண்டிக்கடா" என்றான்.

சுரண்டினோம். நகத்தால், கத்தியால், நான்கு பேரும். வந்தது பாதிகூட இருக்காது. மீதி மசாலையோடு மசாலையாகவே இருந்துவிட்டது. அவர்கள் மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். கடைக்காரன் கூடத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கையை ஏந்தினான். நான் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் ஜல்லியை ஒதுக்கி, மண் தெரிந்ததும், அம்மா கொடுத்தனுப்பியது என்று சொல்லி அரிசியைப் போட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தூரத்தில் வண்டி ஊதியது, எல்லோரும் இறங்கி ஓடினோம். கறுப்புப் பிடித்த விரலோடு கோல்கீப்பர் வழியெல்லாம் சட்டையில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தான். எல்லை தாண்டுவதற்குள் அவர்களுக்குப் பாட்டு திரும்பிவிட்டது. டோலக் இல்லாமல் பெட்டிப் பலகையைத் தட்டிப் பாடினார்கள்.

கேட்டில் அதே ஸ்பெஷல் போலீஸ். "மாயின்லா" என்று சிரித்தான். லாரிக்காரன் கிழிந்த டோலக்கைக் காட்டினான். போலீஸ்காரன் உண்மையாகவே வருத்தப்பட்டான். உள்ளே எட்டிப் பார்த்தான், கறுப்பாக இருந்ததால் அது அரிசி என்று அவனுக்குத் தெரியவில்லை.

அம்மா கேட்டுக்கு அருகிலேயே நின்றிருந்தாள். மஞ்சள் குளித்திருந்தாள், புதுப் புடவை, தலையில் பூ. கடைசித் தடவையாகப் போட்டுக்கொண்டது என்று பார்த்தவுடன் எனக்குப் புரிந்தது. வீட்டுக்குள் போய் நடந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கல் வரிசை, பூச்செடி, காவல்காரர் கை, ஜப்பான்காரன் கல், தண்டவாளம். அவள் டோலக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். ஒரு ஊசியை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னப் பித்தளை டப்பாவில் போட ஆரம்பித்தாள். எடுத்து முடிக்கும்வரை நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். எடுத்து முடித்து, டப்பாவை மூடி, சாமி மாடத்தில் வைத்துவிட்டுத் தலைப்பூவை மட்டும் எடுத்தாள். கை கழுத்துக்குப் போகவில்லை.

"என்னம்மா?" என்றேன்.

"பாதிதானய்யா போச்சு. மீதி இங்கதான இருக்கு. மீதி போறவரைக்கும் இது கெடக்கட்டும்."

எனக்கு வந்ததே கோபம். அத்தனை தூரம், அத்தனை அலைச்சல், அத்தனை பேரிடம் கெஞ்சல், எல்லாம் இதற்கா? அரிசி போட்டால் கழற்றுகிறேன் என்றாயே, ஊர் வாயை நான் எத்தனை நாள் அடைப்பது என்று கத்தினேன். பக்கத்து வீடுகளில் பேச்சு நின்றுவிட்டது. நான் ஓய்ந்ததும் அவள் கேட்டாள்.

"இதுதான் எடம்னு ஒருத்தராச்சும் உனக்குக் கை காட்டினாங்களா?"

"இல்ல."

"சர்க்காருக்குத் தெரியல, ஜப்பான்காரனுக்குத் தெரியல, அந்த ஊருக்காரனுக்குத் தெரியல. யாருமே முடிச்சு வைக்கல. என்னைய மட்டும் ஏன்டா முடிச்சு வைக்கச் சொல்ற?"

எழுந்து வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை. வேறு தோல் கட்டி லாரிக்காரன் மறுபடி வாசிக்க ஆரம்பித்தான், ஆனால் எங்கள் லயத்துப் பக்கம் வரும்போது தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொள்வான்.

அம்மா செத்தபோது அவசரகாலம் முடிந்து எவ்வளவோ வருடங்கள் ஆகியிருந்தன. வேலியைப் பிய்த்து ஆட்டுப் பட்டிக்குப் போட்டுக்கொண்டார்கள். கேட்டின் இரண்டு தூண்கள் மட்டும் நின்றன. அவளைக் குளிப்பாட்டிய பெண்களுக்குள் வாக்குவாதம் வந்தது. தாலியோடு எடுப்பதா, கழற்றிவிட்டு எடுப்பதா, பொட்டு வைக்கலாமா கூடாதா என்று ஆளுக்கொன்று சொல்லி, கடைசியில் என்னிடம் வந்து கேட்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

சுடுகாடு கேட்டுக்கு வெளியே. பித்தளை டப்பாவில் இருந்த கறுத்த அரிசியை உள்ளங்கையில் கொட்டி, எல்லோரும் பார்க்கத் திறந்தே பிடித்துக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்து அந்தத் தூண்களைத் தாண்டினேன். ஒருவரும் நிறுத்தவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. சுடுகாட்டில் எல்லோரும் அவரவர் அரிசியைப் போட்ட பிறகு, அதை அம்மா வாயில் போட்டேன். மீதியை அவளே கொண்டு போய்க் கொடுக்கட்டும்.